உறுதியாகக் கட்டவும்

பள்ளிக்கூடத்தை விட்டுப் பதினெட்டு வருஷமான ஒருத்தி மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமானால், அந்தப் பதினெட்டு வருஷத்தில் தான் உருப்படியாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று நிரூபிக்க வேண்டும். தேர்வு வாரியத்தின் விதிப் புத்தகத்தில் இதற்கு அறியாமைச் சான்று என்று பெயர். இதில் வாரியத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகள், பாவம், ஒன்றும் தெரியாமல் வந்து உட்காரும் இடத்தில் வயதில் மூத்தவர்கள் நாலு விஷயம் தெரிந்துகொண்டு வந்து உட்கார்ந்தால் அது எந்த ஊர் நியாயம்?

இந்த விதியில் வந்து மாட்டிக்கொண்டவள் கட்டுக்காரம்மா. அது அவளுடைய பெயர் அல்ல. பெரிய ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் அவளுக்கு வேலை. புண்ணைக் கழுவுவாள், மருந்து வைப்பாள், துணியைச் சுற்றி முடிச்சுப் போடுவாள், பிறகு தலையைச் சாய்த்து, "இறுக்கமா இருக்கா?" என்று கேட்பாள். இல்லை என்று நோயாளி வாயைத் திறந்து சொல்லும்வரை ஆளை எழ விடமாட்டாள். நோயாளிகள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவள்தான். அந்த வருஷம் அப்பா படுத்த படுக்கையாகிவிட, அவள் வேலைக்கு வந்தாள். டாக்டராகும் ஆசையை அப்போதே மூட்டை கட்டி வைத்தாயிற்று. அதை மறுபடி பிரிக்க வைத்தது அண்ணனுடைய கால்.

அண்ணன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. தங்கைதான் கட்டுப் போட்டாள். மூன்றாம் நாள் விரல் கறுத்திருந்தது. நேராகப் பெரிய டாக்டரிடம் ஓடினாள்.

"சார், இது கட்டுல ஆறாது சார். பாதம் சில்லுன்னு இருக்கு. ரத்தம் கீழ இறங்கல."

பெரிய டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ டாக்டரா?"

"இல்ல சார்."

"அப்ப போய்க் கட்டு."

கட்டினாள். மூன்று வாரம் தினமும் கட்டினாள். நாலாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அண்ணனை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அண்ணன் அழவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அந்த ஆள் உன்ன ஒரு கேள்வி கேட்டான் பாரு, நீ டாக்டரான்னு. அடுத்த தடவை எவனாவது கேட்டா ஆமான்னு சொல்ற மாதிரி ஆயிடு. எனக்கு அது போதும்" என்றான்.

சொல்வது எளிது. இரண்டு வேளை சமையல், ஒரு முழு வேலை, நடக்கப் பழகும் அண்ணன் என்று மூன்று வருஷம் போன இடம் தெரியவில்லை. விதிப்படி முப்பத்தாறு வயது முடிந்துவிட்டால் தேர்வு எழுத முடியாது. அவள் விண்ணப்பம் வாங்க வாரியத்துக்குப் போனபோது அவளுக்கு முப்பத்தைந்து ஆகியிருந்தது. ஆக, ஒரே ஒரு தடவை. விட்டால் அவ்வளவுதான்.

வாரியத்தின் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். யாரையும் அதட்டாதவர். ஒரு மனிதரை அலையவிடும்போதுகூட, முகம் நோகாமல் வழி சொல்லி அலையவிடுவார்.

"எங்கம்மா வேல பாக்கறீங்க?"

"ஆஸ்பத்திரில சார். பதினேழு வருஷத்துக்கு மேல ஆச்சு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அடடா. அப்ப ஏதாவது கத்துக்கிட்டிருப்பீங்களே."

"கொஞ்சம் கத்துக்கிட்டேன் சார்" என்றாள் பெருமையாக.

கண்காணிப்பாளர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்கிட்ட சொன்னதோட இருக்கட்டும். வெளிய மூச்சு விடாதீங்க. உங்க ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர்கிட்ட, உங்களுக்கு மருத்துவத்துல எதுவும் தெரியாதுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

பெரிய டாக்டர் சான்றிதழை இரண்டு முறை படித்தார். அவர் முகம் மலர்ந்தது. "நானும் எத்தனையோ சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். இவ்வளவு மனசாரப் போட்டதில்ல" என்று சொல்லியபடியே இடது கையை அவள் பக்கம் நீட்டினார். காலையில் ஆப்பிள் நறுக்கும்போது கட்டைவிரலைக் கீறிக்கொண்டிருந்தார். அவர் வலது கையால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள், அவள் இடது கைக் கட்டைவிரலில் கட்டுப் போட்டு முடித்திருந்தாள்.

"இறுக்கமா இருக்கா சார்?"

"இல்ல. நல்லா இருக்கு."

அடுத்தது வெற்றிக் கூடம். நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம். சுவர் முழுக்க, ஜெயித்தவர்களின் படங்கள். ஜன்னல் இருந்த இடத்திலும் படம் மாட்டியிருந்ததால் உள்ளே காற்று வராது. வகுப்பில் எல்லோரும் பதினேழு வயது. முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று வணக்கம் சொன்னது, புது டீச்சர் என்று நினைத்து. அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் அடங்கமாட்டாத சிரிப்பு. கூடத்தின் இயக்குநர் அவளுக்கு 'லேட் அட்மிஷன்' என்று பெயர் வைத்தார்.

இயக்குநர் அன்று ஆற்றிய உரையை அவள் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

"நான் இந்தத் தேர்வை ஏழு தடவை எழுதினவன். ஏழு தடவையும் தோத்தவன். அதனாலதான் சொல்றேன், என்னைவிட அனுபவம் உள்ள ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டான். பாஸ் பண்ணினவன் ஒரே தடவை எழுதிட்டுப் போயிடறான், அவனுக்கு என்ன தெரியும்? கேள்விய முழுசாப் படிக்காதீங்க. படிச்சா புரியும். புரிஞ்சா யோசிப்பீங்க. யோசிச்சா நேரம் போச்சு. இங்க நாங்க யாரையும் டாக்டர் ஆக்கறதில்ல. டாக்டர் ஆகறத அங்க போய்ப் பாத்துக்கங்க. இங்க வட்டத்தைக் கறுப்பாக்கணும், அவ்வளவுதான்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு ஒரு மாதம் வட்டம் நிரப்பும் பயிற்சி நடந்தது. பேனாவை எந்தச் சாய்வில் பிடிப்பது, வட்டத்தின் வலது கரையில் தொடங்குவதா இடது கரையில் தொடங்குவதா என்பதில் இயக்குநருக்கும் துணை இயக்குநருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் அளவுக்கு மனத்தாங்கல் இருந்தது.

விடியற்காலை அவள் சமைக்கும்போது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தபடி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பான். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. நாலு மணிக்குப் பிறகு வெற்றிக் கூடம். பதினெட்டு வருஷத்துக்கு முன் தண்ணீர்பட்ட பாடாக இருந்த சூத்திரங்கள் இப்போது யார் வீட்டு விருந்தாளியோ என்று அவளைப் பார்த்தன. சாய்தளத்தில் உருண்டு வரும் கோளம் அவளுக்கு ஒரு நாளும் சரியான நேரத்தில் கீழே வந்து சேரவில்லை. மூன்று மாதத்தில் அண்ணனுக்குத் தவளையின் இதயம் மனப்பாடம் ஆகிவிட்டது. அவளுக்குத்தான் ஏறவில்லை.

"ஒருத்தருக்கு மணிக்கட்டுல ரத்தம் பீறிட்டு அடிக்குது" என்று ஒரு நாள் மாதிரித் தேர்வில் கேள்வி வந்தது. முதலில் செய்ய வேண்டியது எது? ரத்தத்தின் வகையைக் கண்டறிதல், காயத்தின் வகையைப் பெயரிடுதல், ரத்தக் குழாயின் விட்டத்தைக் கணக்கிடுதல், மேற்கண்ட அனைத்தும். 'அழுத்திப் பிடி' என்பதை அவள் நான்கு விடைகளிலும் தேடினாள். தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். எழுந்து நின்று, "சார், அதுக்குள்ள ஆள் போயிடுவார் சார்" என்றாள்.

"போகட்டும்மா. அவரு கேள்வித்தாள்ல இருக்கறவரு" என்றார் இயக்குநர் பொறுமையாக. "மேற்கண்ட அனைத்தும்."

அந்த மாதிரித் தேர்வில் அவளுக்கு மைனஸ் பதினொன்று. அறிவிப்புப் பலகையில் சிவப்பு மையில் எழுதிப் போட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் பஞ்சு மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வெளியே நோயாளிகள் வரிசையில் இருந்ததால் பத்து நிமிஷத்துக்கு மேல் அழ முடியவில்லை.

எட்டாவது மாதத்தில் அவளுக்கு அந்த வித்தை பிடிபட்டது. கேள்விக்குள் யார் ரத்தம் சிந்தினாலும், யாருக்கு மூச்சு நின்றாலும், கண் அந்தப் பக்கம் போகாமல் கை தானாக வட்டத்தைக் கறுப்பாக்கியது. அன்று இயக்குநர் மொத்த வகுப்பையும் கைதட்டச் சொன்னார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னாள், "வந்துருச்சுண்ணே."

தேர்வு நாள். வாசலில் சோதனை பலமாக இருந்தது. ஹேர்பின், கம்மல், சட்டைப் பொத்தான் எல்லாம் ஒரு வாளியில் போய்ச் சேர்ந்தன. எலும்பு முறிந்து காலுக்குள் தகடு வைத்திருந்த ஒரு பெண்ணை, தகட்டை எடுத்துவிட்டு அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். கட்டுக்காரம்மாவின் அறியாமைச் சான்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியாதுல்ல? உள்ள போங்க" என்றார்கள்.

இருநூறு கேள்விகள். எட்டு மாதப் பழக்கம் கைகொடுத்தது. கோளம் சாய்தளத்தில் ஒழுங்காக உருண்டு வந்தது. தவளையின் இதயத்தை அண்ணனின் குரலிலேயே நினைவுபடுத்திக்கொண்டாள். நூற்றுப் பதினேழாவது கேள்வியில் மட்டும் அவள் கை நின்றது. ஒருவருக்குக் கால் விரல் கறுத்து, பாதம் சில்லிட்டிருக்கிறது; செய்ய வேண்டியது என்ன? தினமும் கட்டுப் போடுதல் என்று ஒரு விடை இருந்தது. ரத்த ஓட்டத்தை உடனே சோதித்தல் என்று இன்னொன்று. வெற்றிக் கூடத்து வழக்கப்படி எது விடை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதை நிரப்பினாள்.

மணி அடித்ததும் ஆளுக்கொரு கெட்டி உறையும் ஒரு முழ வெள்ளை நாடாவும் கொடுத்தார்கள். விடைத்தாளை உறைக்குள் வைத்துத் தேர்வரே கட்டித் தர வேண்டும். 'உறுதியாகக் கட்டவும்' என்று உறையில் மூன்று இடத்தில் அச்சடித்திருந்தது. மற்றப் பிள்ளைகள் பரிசுப் பொட்டலத்துக்குப் போடுவது போல ஒரு பூ முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். அவள் கையில் நாடா விழுந்ததும் கை தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல். இரண்டு முனையையும் பிடித்து ஓர் இழு. இரண்டு பக்கமும் இழுக்க இழுக்க இறுகும், தட்டையாகப் படியும், நோயாளி புரண்டு படுத்தாலும் நழுவாது. பதினெட்டு வருஷமாக ஒரு நாளைக்கு எழுபது எண்பது போட்ட முடிச்சு. போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து, உறையைப் பார்த்து, "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டாள். மேற்பார்வையாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

முடிவு வந்த அன்று அவள் பதிவு எண்ணுக்கு நேராக மதிப்பெண் இல்லை. 'பிரிக்கப்படவில்லை' என்று இருந்தது.

வாரியத்துக்கு ஓடினாள். அண்ணனும் ஊன்றுகோலோடு கூட வந்தான். கண்காணிப்பாளர் அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"நீங்கதானா அது? என்ன கட்டும்மா கட்டிவெச்சிருக்கீங்க! ஆறு பேர் முயற்சி பண்ணிட்டாங்க. இந்தப் பக்கம் மூணு பேர், அந்தப் பக்கம் மூணு பேர் நின்னு இழுத்தாங்க. அப்புறம் தண்ணில நனைச்சாங்க. பதிவறைக்காரருக்கு முன்பல்லே போச்சு."

"வெட்டிடுங்க சார்."

அவர் அதிர்ந்துபோனார். "நாடா வாரியச் சொத்தும்மா. முழுசாத் திருப்பிக் கணக்குக் காட்டணும். ஒரு வருஷம் கத்தரிக்கோல் பட்டு ஒரு விடைத்தாள் ஓரம் வெட்டுப்பட்டுப்போச்சு. அதுலேருந்து இந்தக் கட்டடத்துல கத்தி, கத்தரி, பிளேடு எதுவும் கிடையாது. மத்தியானம் பழம் சாப்பிட்டாக்கூடக் கடிச்சுத்தான் சாப்பிடறோம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா? "சார், அது சுலபம் சார். ரெண்டு பக்கமும் இழுக்கக் கூடாது. ஒரே ஒரு முனையப் புடிச்சு எதிர்ப்பக்கமா வெடுக்குன்னு..."

கண்காணிப்பாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வாயால சொல்லாதீங்க! தேர்வர் சொல்லி ஊழியர் செஞ்சா அது முறைகேடு. மனுவா எழுதிக் கோப்புல வெச்சுக் குடுங்க. விதிப்படி செய்யலாம்."

"நாங்களே அவிழ்த்துத் தந்துடறோமே சார்" என்றான் அண்ணன்.

"உறைய வாரிய ஊழியர் தவிர யாரும் தொடக் கூடாது தம்பி. உங்களுக்காகத்தான் இவ்வளவு பாதுகாப்பு."

கல்லூரிச் சேர்க்கை முடிய மூன்று வாரம் இருந்தது. அவள் மனு எழுதினாள். மனுவைக் கோப்பில் வைத்து, அவர்கள் தந்த நாடாவால் உறுதியாகக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கட்டிக் கொடுத்தாள். பதில் இல்லை. மூன்று நாள் கழித்து இன்னொரு மனு. பிறகு இன்னொன்று. ஆஸ்பத்திரியில் அரை நாள் விடுப்பு எடுப்பாள், வாரியத்தின் மாடிப்படியில் ஏறுவாள், கட்டிக் கொடுப்பாள், இறங்குவாள். ஆறு மனுக்கள். "பரிசீலனைல இருக்கும்மா" என்பார் கண்காணிப்பாளர், சிரித்த முகம் மாறாமல். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் போகும்போது விரல்கள் மடியில் தாமாகவே முடிச்சுப் போட்டு முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தன.

மூன்றாவது வாரத் தொடக்கத்தில் முடிச்சு நிபுணர் குழு அவளை விசாரணைக்கு அழைத்தது. மேஜையின் நடுவில், ஒரு தட்டில், அவளுடைய உறை. ஓரங்கள் நைந்து, பல் தடங்கள் பதிந்து, ஆனால் முடிச்சு வைத்தது வைத்தபடி இருந்தது. தலைமை நிபுணரின் நாற்காலியில் பெரிய டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

அவரைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. தினமும் தன் கட்டுகளுக்கு நடுவே நடந்து போகிறவர் ஆயிற்றே.

பெரிய டாக்டர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தான் கையெழுத்துப் போட்ட அறியாமைச் சான்று கோப்பில் இருப்பது அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"என்னோட முப்பது வருஷ அனுபவத்துல இப்படி ஒரு முடிச்ச நான் பாத்ததே இல்ல" என்றார்.

"எங்கம்மா கத்துக்கிட்டீங்க இத?" என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் என்று சொன்னால் அறியாமைச் சான்று பொய்யாகிவிடும், விண்ணப்பமே செல்லாது.

"வீட்ல சார். எங்க அண்ணனுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுப் பழக்கம்."

"ரெண்டு ஷூவுக்கும் இதே முடிச்சா?"

"ஒரு ஷூதான் சார்" என்றாள். பெரிய டாக்டர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ பார்க்கத் தொடங்கினார்.

குழு ஒரு மணி நேரம் கூடிப் பேசியது. பிறகு கண்காணிப்பாளர் வெளியே வந்து அறிக்கையை வாசித்தார். அவர் குரல் தழுதழுத்தது. "வாரியத்தோட சரித்திரத்துலயே இவ்வளவு பாதுகாப்பான கட்டு வந்ததில்லன்னு குழு ஏகமனதா முடிவு பண்ணியிருக்கு. பாதுகாப்புன்னா என்ன? வெளியாள் பிரிக்க முடியாம இருக்கறது. இத நாங்களே பிரிக்க முடியல! இனிமே எல்லா உறைக்கும் இதுதான். வாரிய முடிச்சுன்னு பேர் வெச்சாச்சு. அத ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உங்களையே பயிற்றுநரா எடுத்துக்கலாம்னு சிபாரிசும் பண்ணியாச்சு."

"சார், என் உறை?" என்றாள். "வெள்ளிக்கிழமை சேர்க்கை முடியுது சார். எனக்குப் பத்து நாள்ல முப்பத்தாறு முடியுது சார். உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் அழுகையைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கிவிட்டது. அருகில் வந்து, யாருக்கும் கேட்காமல், தம் சொந்தத் தங்கைக்குச் சொல்வது போலச் சொன்னார். "நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. உறைய யார் தொடலாம்? வாரிய ஊழியர். நாளைக்கே வேலைல சேந்துடுங்க. உங்க உறைய நீங்களே அவிழ்க்கலாம். எந்த விதியும் தடுக்காது."

பதினெட்டு வருஷ ஆஸ்பத்திரி வேலை. வெளியே காத்திருந்த அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவன், "டாக்டரானப்புறம் அங்கதான திரும்பப் போகப்போற, விட்டுத்தள்ளு" என்றான். அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தாள்.

சேருவதற்கான படிவங்களும் உறுதிமொழிகளும் முடிய இரண்டு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கழுத்தில் அடையாள அட்டையோடு அவள் பதிவறைக்குள் நுழைந்தாள். கண்காணிப்பாளர் உறையைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தார். முன்பல் போனவர் உட்பட எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவள் நாடாவின் ஒரு முனையைப் பிடித்து எதிர்ப்பக்கமாக ஒரே ஓர் இழு இழுத்தாள். முடிச்சு ஒரு நொடியில் நழுவி, நாடா தட்டில் விழுந்தது.

முன்பல் போனவர் தம் வாயைத் தடவிக்கொண்டார்.

கண்காணிப்பாளர் விடைத்தாளை எடுத்து, விடைக் குறிப்போடு ஒத்துப்பார்த்துத் திருத்தினார். ஒவ்வொரு சரிக்கும் அவர் பேனா எழுப்பிய சத்தத்தை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். நூற்று எழுபத்தொன்று. தேர்ச்சிக்கு நூற்றைம்பது போதும். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரமாதம்!" என்றார் அவர். "சுலபமான நூத்திப் பதினேழுல போய்க் கோட்டை விட்டுட்டீங்களே. தினமும் கட்டுப் போடணும்னு எழுதியிருக்கணும். உங்க ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் குடுத்த கேள்விதான் அது."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு. கல்லூரி ஐந்தரை வரை திறந்திருக்கும்.

கண்காணிப்பாளர் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றப் போனார். பேனா நின்றது. விதிப் புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கத்தைப் புரட்டினார். அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தார்.

"அட" என்றார். "வாரிய ஊழியர்கள் தேர்வு எழுதக் கூடாதேம்மா."

"நான் எழுதறப்போ ஊழியர் இல்லயே சார்!"

"திருத்தின அன்னிக்கு ஊழியர். விதி திருத்தற தேதியத்தான் பாக்குது."

"நீங்கதான சார் சேரச் சொன்னீங்க! எந்த விதியும் தடுக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க!" அவள் கத்தியது மாடிப்படிவரை கேட்டது.

"அவிழ்க்கறதத் தடுக்காதுன்னு சொன்னேம்மா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "அவிழ்த்துட்டீங்கல்ல?"

"ராஜினாமா பண்றேன். இப்பவே பண்றேன்."

"தாராளமா. ஒரு மாசம் முன்னறிவிப்புக் குடுக்கணும்."

அவளுக்கு முப்பத்தாறு முடிய ஒரு வாரம் இருந்தது. சேர்க்கை முடிய ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே இருந்த அலமாரி திறந்திருந்தது. அதில் ஆறு கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளை நாடா. ஒவ்வொன்றிலும் அவளுடைய முடிச்சு.

"சார், இதெல்லாம் என் மனு" என்றாள்.

"ஆமாம்மா. எதையும் பிரிக்க முடியல. அதான் படிக்கல. நல்ல வேளை, இப்ப நீங்க வந்துட்டீங்க. உங்க முதல் வேலையா இதப் பிரிச்சுக் குடுத்துடுங்க."

ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஆறு நொடி ஆனது. ஆறு மனுவிலும் ஒரே வரிதான்: நாடாவின் ஒரு முனையை மட்டும் பிடித்து எதிர்ப்பக்கமாக இழுக்கவும்.

கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறையும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"இத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

செல்லாத விடைத்தாளை மறுபடி உறையில் இட்டு, கட்டி, பதிவறையில் ஒப்படைக்க வேண்டும். அதுவும் அவள் வேலைதான். கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசல் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டிய சான்றிதழ்களை ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தான். பக்கத்தில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தான்.

"பாஸா?"

"பாஸ்."

அவன் முகம் அப்படியே பூத்தது. ஊன்றுகோலைத் தேடினான். "அப்புறம் என்ன, கிளம்பு, நேரமாகுது" என்றான். அவள் நகராததைப் பார்த்து, அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து, மெல்ல மெல்ல அந்த முகம் வாடியது. கைகாட்டி ஆட்டோவை அனுப்பிவிட்டான்.

அவனுடைய ஒற்றை ஷூவின் லேஸ் அவிழ்ந்து தரையில் புரண்டுகொண்டிருந்தது. அவள் கீழே மண்டியிட்டு உட்கார்ந்தாள். வலதை இடதின் மேல், இடதை வலதின் மேல் போட்டு இழுத்தாள். கண்ணீர் முடிச்சின் மேலேயே விழுந்தது. பழக்கதோஷத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இறுக்கமா இருக்கா?"

"ஆமா" என்றான் அண்ணன். "மூச்சு முட்டுது."